விதைநெல்லும் வீடியோ நாடாவும்

வயலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு விதைநெல்லின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அரிசிப் பானை காலியானாலும், அடுத்த காலபோகத்துக்கென்று கட்டி வைத்த மூடையில் கைவைக்க மாட்டோம். ஊரைவிட்டு எழும்ப வேண்டி வந்த நாட்களிலும் உழவு இயந்திரப் பெட்டியில் அந்த மூடையை ஏற்றியவர்கள் நம்மிடையே பலர்.

அதே பெட்டியில், உடுப்பு மூட்டைக்குள் சுற்றப்பட்டு, இன்னொரு பொருளும் சில குடும்பங்களுடன் ஊர் ஊராகப் போனது. அதுதான் கறுப்பு நிற வீடியோ கசற். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிள்ளையின் முதற் பிறந்தநாள், செத்தவீடு என்று ஏதோவொன்று அதில் பதிந்திருக்கும். படச் சட்டங்கள் உடைந்தன, அல்பங்கள் மழையில் ஒட்டிப் போயின, வீடுகள் தரைமட்டமாயின. இன்று ஒரு தகப்பனின் நடை, ஒரு பிள்ளையின் சிரிப்பு, ஓர் ஆச்சியின் குரல் அந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லாத வீடுகள் வன்னியில் உண்டு.

அந்த நாடாக்கள் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன? எதை வைத்திருக்க வேண்டும், எதைத் திரும்பப் பாவிக்கலாம், எப்படிப் பிரதி எடுக்கலாம்? இவற்றை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒட்டிய துண்டு

எனது தமையனாரின் கல்யாணம் 1993இல் நடந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு நடுவே, தோளில் வைத்துப் பிடிக்கும் பெரிய கமராவால் ஒருவர் படம் எடுத்தார். மூன்று மணித்தியாலக் கசற் ஒன்று கிடைத்தது. படம் எடுத்தவர் அதைக் கையில் தரும்போது கசற்றின் முதுகிலிருந்த சிறிய பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிட்டே தந்தார். "இனி இதில ஒண்டும் பதியேலாது, பயப்பிடாதேங்கோ" என்றார். 1996க்குப் பின் நாங்கள் நான்கு இடம் மாறினோம். உரப்பைக்குள் கிடந்த அந்தக் கசற் எல்லா இடத்துக்கும் வந்தது.

2003இல், சமாதான காலத்தில், வீட்டுக்குத் தொலைக்காட்சியும் டெக்கும் வந்தன. ஒரு நாள் பாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பதிய வெறுங் கசற் தேடினேன். கிடைக்கவில்லை. பெயர் அழிந்துபோன ஒரு கசற் கையில் அகப்பட்டது. பதிய மறுத்தது. உடைந்த துண்டின் ஓட்டைக்கு மேல் ஒட்டுநாடாவை ஒட்டினால் பதியும் என்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது. ஒட்டினேன். பதிந்தது. இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தில்தான் எங்கள் ஐயா படலையடியில் நின்று, வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்துக் கதைத்துக்கொண்டு நின்றார். 2009இல் ஐயா செத்துப்போனார். 2005இல் தங்கை வவுனியாவுக்குக் கல்யாணமாகிப் போனபோது அந்தக் கசற்றைத் தன்னுடன் கொண்டு போயிருந்ததால் மீதிப் பகுதி தப்பியது. அதில் ஐயா ஒரேயொரு தடவை, பந்தியில் சோற்று வாளியோடு, முதுகு காட்டிப் போகிறார். முகம் இல்லை.

கனடாவிலிருந்த மாமாவுக்கு அக்காலத்தில் ஒரு கொப்பி அனுப்பியிருந்தோம். கேட்டபோது, வீடு மாறும்போது பழைய கசற் எல்லாவற்றையும் எறிந்துவிட்டதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நாடாவுக்குள் என்ன இருக்கிறது?

வி.எச்.எஸ். கசற் 1976இல் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதனுள்ளே இருப்பது அரை அங்குல அகலமான மெல்லிய பிளாஸ்ரிக் நாடா. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. கமராவிலுள்ள சுழலும் தலை அத்துகள்களைக் காந்தமாக்கிப் படத்தைப் பதிகிறது. ஆகவே படம் இருப்பது அந்தத் துகள்களில். துகள்கள் இருப்பது பசையில். பசை ஈரத்தை உறிஞ்சி இளகினால் துகள் உதிரும். துகள் உதிர்ந்த இடத்தில் திரையில் வெள்ளைக் கீறல் விழும்.

வன்னியில் 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றறி, உரம், சீமெந்து எனப் பல பொருட்களுக்கு 2002 வரை தடை இருந்தது. அக்காலத்திலும் கசற் ஓடியது. மின்பிறப்பாக்கி பிடித்து, பாய் விரித்து, ஊர் கூடிப் படம் பார்த்தோம். 'ஒளிவீச்சு' என்ற பெயரில் ஒளிநாடாவிலேயே ஒரு சஞ்சிகை வெளிவந்ததும் அக்காலத்தில்தான். புதுக் கசற் கிடைப்பது அரிது என்பதால், பழைய படக் கசற்றை அழித்து அதன் மேலேயே கல்யாணத்தைப் பதிவதும் நடந்தது. திரும்பப் பாவிப்பது எங்களுக்கு விருப்பத்தால் வந்த பழக்கமல்ல, தட்டுப்பாட்டால் வந்தது.

எந்த நாடா நல்லது?

கசற்றின் மேல் ஈ-180, ஈ-240 என்று எழுதியிருக்கும். அந்த எண், சாதாரண வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடும் என்பதைக் காட்டுகிறது. ஈ-180இல் ஏறத்தாழ 258 மீற்றர் நாடா உண்டு. ஈ-240இல் அதே கூட்டுக்குள் 340 மீற்றருக்கு மேல் சுற்றவேண்டும். அதற்காக நாடாவை இன்னும் மெல்லியதாகச் செய்தார்கள். மெல்லிய நாடா எளிதில் இழுபடும், சுருளும். ஆகவே முக்கியமான நிகழ்வுக்கு நீளக் கசற்றை அனுபவமுள்ள படப்பிடிப்பாளர்கள் தவிர்த்தார்கள்.

அதேபோல், மெதுவான ஓட்டத்தில் பதிந்தால் மூன்று மணித்தியாலக் கசற்றில் ஆறு மணித்தியாலம் பதியலாம். ஆனால் படத்தின் தெளிவு குறையும். வேறு டெக்கில் போட்டால் நடுங்கவும் கூடும். கடலை விதைக்கும்போது இடைவெளி விடாமல் நெருக்கி நட்டால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கும் நடக்கிறது.

பின்னர் கமராக்கள் சிறுத்தன. 1985இல் எட்டு மில்லிமீற்றர் நாடாவும், 1989இல் அதன் திருந்திய வடிவமான ஹை-8உம், 1995இல் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினி டீவீ எனும் எண்முறை நாடாவும் வந்தன. 2002க்குப் பின் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த கமராக்களில் இவையே இருந்தன. இவற்றில் உடைக்கும் துண்டு இல்லை. ஓரத்தில் தள்ளும் சிறு பூட்டு உண்டு. பதிந்து முடிந்ததும் அதைப் பூட்டிவிடுவதே முறை. அதைப் பின்னுக்குத் தள்ளினால் மறுபடி பதியும் என்பதால், பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது கவனம் வேண்டும்.

திரும்பப் பாவித்தல்: எது சரி, எது பிழை?

நாடாவைத் திரும்பப் பாவிப்பது குற்றமல்ல. கடையில் வாங்கிய சினிமாப் படம், எங்கும் கிடைக்கும் பாட்டு, பழுதான பதிவு ஆகியவற்றை அழித்துப் பாவிக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் நாடா தலையோடு உராய்ந்து தேய்கிறது. கீறல் விழத் தொடங்கிய நாடாவை மறுபடி பாவித்தால் புதுப் பதிவிலும் அதே இடத்தில் கீறல் விழும். மினி டீவீ நாடாவில் மறுபதிவு செய்வதானால் தொடக்கத்திலிருந்து இடைவெளி விடாமல் பதிய வேண்டும். நடுவில் வெறும் இடம் விட்டால் நேரக் கணக்கு அறுந்து, பின்னர் கணினிக்கு மாற்றும்போது தடங்கல் வரும்.

ஆனால் இன்று நிலைமை வேறு. வி.எச்.எஸ். டெக் தயாரித்த கடைசிக் கொம்பனியான யப்பானின் ஃபுனாய் 2016 ஆடியில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கலியாணவீட்டுக்குக் கைத்தொலைபேசியே போதும் என்றாகிவிட்டது. ஆகவே இனிமேல் பழைய கசற் ஒன்றைப் பதிவதற்கென்று பாவிக்க வேண்டிய தேவை அநேகமாக எவருக்கும் இல்லை. இருக்கும் கசற் எல்லாவற்றையும் விதைநெல்லாகவே கருதுங்கள்.

ஒரு முக்கியமான விடயம். மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். படத்தின் பெயர் எழுதிய கசற் என்று எறிந்துவிட வேண்டாம். இரண்டரை மணித்தியாலப் படம் முடிந்தபின் மூன்று மணித்தியாலக் கசற்றில் அரை மணித்தியாலம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் பிள்ளையின் பிறந்தநாளைப் பதிந்த வீடுகள் உண்டு. மேலே வேறு பதியப்பட்ட கசற்றிலும், புதுப் பதிவு முடிந்த இடத்துக்கு அப்பால் பழையது அப்படியே இருக்கும். எங்கள் வீட்டுக் கசற்றில் மீதி தப்பியது அப்படித்தான். கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தபின்னரே ஒரு கசற் வெறுமையா இல்லையா என்று முடிவு செய்யலாம். அழிந்த பகுதியை மீட்பதற்கோ வழியில்லை.

இந்தப் பிழையை நாம் மட்டும் செய்யவில்லை. 1969இல் மனிதர் முதன்முதலில் சந்திரனில் இறங்கியபோது பூமிக்கு வந்த மூலப் பதிவுகளைக் கொண்ட காந்த நாடாக்களை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா பின்னாளில் தேடியது. நாடாத் தட்டுப்பாட்டால் அவை அழிக்கப்பட்டு மறுபடி பாவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் அந்நிறுவனமே தெரிவித்தது. தொலைக்காட்சி நிலையங்களில் வேறு பிரதிகள் இருந்ததாலேயே உலகம் இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்கிறது. எங்கோ ஓரிடத்தில் இன்னொரு பிரதி இருப்பதே பெரிய காவல்.

வீட்டில் பாதுகாக்கும் முறை

நாடாவின் எதிரிகள் நெல்லின் எதிரிகளேதான்: ஈரம், சூடு, தூசி, கறையான், எலி. இவற்றோடு காந்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கசற்றைப் படுக்க வைக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழுள்ள பரணில் வைக்க வேண்டாம். கோடையில் அங்கே சூடு மிக அதிகம். நிலத்தில் வைத்தால் மாரியில் ஈரம் ஏறும். சுவரோடு ஒட்டாத அலுமாரித் தட்டே நல்லது. ஒலிபெருக்கிப் பெட்டி, நீரிறைக்கும் மோட்டார், பற்றறி ஏற்றும் கருவி ஆகியவற்றின் அருகே வைக்கக் கூடாது. சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை எறியாமல், மூடக்கூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் கசற்றோடு போட்டு வையுங்கள். கசற் ஏற்கெனவே ஈரமாயிருந்தால் அதை முதலில் நிழலில் உலரவிட வேண்டும். ஈரத்தோடு சொப்பிங் பைக்குள் கட்டி வைப்பது, ஈர நெல்லை மூடை கட்டுவது போன்றது.

காலபோக விதைப்புக்கு முன், ஆவணி மாதத்தில், வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். கசற்றின் கண்ணாடி வழியே நாடாச் சுருளில் வெள்ளை மாப் போலவோ நூல் போலவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதை எக்காரணம் கொண்டும் டெக்கில் போடாதீர்கள். நாடா அறுந்துபோகலாம், பூஞ்சணம் டெக்கில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசற்றுக்கும் தொற்றும். அதைத் தனியாக எடுத்து வைத்து, அனுபவமுள்ள ஒருவரிடம் துப்புரவாக்கக் கொடுக்க வேண்டும். நீங்கள் துடைப்பதானால் வெளிப்புறக் கூட்டை மட்டும், முற்றத்தில் வைத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு துடையுங்கள்.

2004 மார்கழி 26 கடற்கோளிலும் 2018 மார்கழி வெள்ளத்திலும் பொருட்கள் நனைந்த குடும்பங்கள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பல. நனைந்த கசற் என்று எறிந்துவிடாதீர்கள். நீர் பட்ட நாடாவிலும் பதிவு இருக்கக்கூடும். வெயிலில் காயவைப்பதும் அடுப்படியில் வைப்பதும் பிழை. சூட்டில் நாடா சுருங்கிவிடும். ஓடவிட்டுப் பார்ப்பதும் பிழை. இனியொரு வெள்ளத்தில் சேறோ உப்புநீரோ புகுந்தால், சுத்தமான நீரில் அலசி, காற்றோட்டமான நிழலில் நாட்கணக்கில் உலரவிட்டு, பிறகு தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிரதி எடுத்தல்

எவ்வளவு கவனமாக வைத்தாலும் நாடா நிரந்தரமல்ல. ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் திருத்தத் தெரிந்தவர்களும் அருகி வருவதால், காந்த நாடாக்களை விரைவில் எண்முறைக்கு மாற்ற வேண்டும் என்று யுனெஸ்கோவின் திட்டமொன்று 2019இல் உலகெங்கும் எச்சரிக்கை விடுத்தது. மாற்றுவதற்குத் தேவையானவை மூன்று: நல்ல நிலையிலுள்ள டெக் அல்லது கமரா, அதைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவி, பொறுமை. ஒரு மணித்தியால நாடாவை மாற்ற ஒரு மணித்தியாலம் வேண்டும், குறுக்குவழி இல்லை.

ஸ்ரூடியோவில் கொடுப்பவர்கள் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில், டெக்கின் தலை துப்புரவாக இருக்கிறதா என்று வேறொரு கசற்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முழுவதையும் வெட்டாமல் மாற்றச் சொல்லுங்கள். பாட்டுச் சேர்க்க வேண்டாம், பூ விழுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பின்னணியில் கேட்கும் ஆச்சியின் குரல் சினிமாப் பாட்டைவிடப் பெறுமதியானது. மூலக் கசற்றைத் திரும்ப வாங்குங்கள். நாளை இதைவிடத் தெளிவாக மாற்றும் வழி வரலாம். கிடைத்த கோப்பை ஒரே ஒரு பென்ரைவில் மட்டும் நம்பி வைக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை புதியதொன்றுக்கு மாற்றுங்கள். விதைநெல்லையும் அப்படித்தானே போகத்துக்குப் போகம் புதுப்பிக்கிறோம்?

ஒரு குடும்பத்துக்குத் தனியாகச் செலவு கூடுதலாயிருந்தால், கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ ஊருக்குப் பொதுவாக ஒரு டெக்கையும் இணைப்புக் கருவியையும் வாங்கலாம். கணினி தெரிந்த இளையோர் ஊரில் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்முறைக்கு மாற்றிப் பாதுகாக்கிறது. பொதுப் பெறுமதியுள்ள பதிவுகள் இருப்போர் அதனோடு தொடர்புகொள்ளலாம். ஆனால் ஒரு கசற்றில் உங்கள் முகம் மட்டுமல்ல, அயலவர் முகங்களும் இருக்கும். எதை வெளியில் கொடுப்பது, எதை வீட்டோடு வைத்திருப்பது என்பதைக் குடும்பமாகக் கூடித் தீர்மானியுங்கள். முகநூலில் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

வெளிநாட்டுக் கசற்

புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய கசற்றைப் போட்டால் படம் உருளுகிறது, நிறம் வரவில்லை என்று சிலர் எறிந்துவிட்டார்கள். கசற்றில் பழுதில்லை. இலங்கை, இங்கிலாந்து, ஜேர்மனி, நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் முறை பால். கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை, பிரான்சில் செக்காம் முறை. எல்லா முறையையும் ஓட்டும் டெக் இருந்தால் அவையும் தெரியும். மறுபுறத்தில், நாம் அங்கு அனுப்பிய கொப்பிகள் அவர்கள் வீட்டு நிலவறைகளில் இருக்கலாம். இங்கே அழிந்ததன் ஒரே பிரதி அதுவாக இருக்கக்கூடும். இன்றே தொலைபேசியில் கேளுங்கள். வீடு மாறும்வரை காத்திருக்க வேண்டாம்.

முகம் தேடும் குடும்பங்கள்

2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கைகளில் இருந்தவை படங்கள். சிலருக்கு அந்தப் படமும் இல்லை. கல்யாணக் கசற்றில் ஓரமாக நின்ற ஒரு முகமே மிச்சம். நாடாவை எண்முறைக்கு மாற்றினால் ஓடும் படத்தை நிறுத்தி ஒரு காட்சியைப் படமாக எடுக்கலாம். வி.எச்.எஸ். படம் பெரிதாக்கினால் மங்கும். ஒரு நொடியில் 25 காட்சிகள் இருப்பதால், ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்து, முகம் நேராகத் திரும்பிய, அசையாத ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

கசற்றைப் பார்க்கும்போது வயதானவர்களைப் பக்கத்தில் இருத்துங்கள். இவர் யார், எந்த ஊர், இந்தக் கிணறு எந்தக் காணியில் இருந்தது, இந்த மாமரம் எந்த எல்லையில் நின்றது என்று அவர்கள் சொல்வதை, எத்தனையாவது நிமிடம் என்பதோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரிந்தவர்கள் போய்விட்டால் முகம் மட்டும் மிஞ்சும். பெயர் இல்லாத முகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியம்.

சுருக்கமாக

1. எந்தக் கசற்றையும் கடைசிவரை பார்க்காமல் அழிக்கவோ எறியவோ வேண்டாம்.
2. உடைத்த துண்டின் ஓட்டையை ஒட்டாதீர்கள். உடைக்காததை இன்றே உடையுங்கள். சிறிய நாடாவின் பூட்டைப் பூட்டுங்கள்.
3. நிமிர்த்தி, நிழலில், ஈரமின்றி, காந்தத்துக்குத் தூரமாக வையுங்கள்.
4. பூஞ்சணம் பிடித்ததையும் நனைந்ததையும் ஓட்டாதீர்கள், எறியவும் வேண்டாம்.
5. பிரதி இரண்டு, ஊர் இரண்டு.
6. பெயர்களை எழுதி வையுங்கள்.

கைத்தொலைபேசியில் இடம் நிரம்பிவிட்டது என்று பழைய படங்களை அழிக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் விரலுக்கு ஒட்டுநாடாகூடத் தேவையில்லை. ஒரு தொடுகையில் எல்லாம் போய்விடும். ஐயாவின் முகம் இருந்த இருபது நிமிடத்தில் இப்போது ஒரு பாட்டு நிகழ்ச்சி ஓடுகிறது. அந்தக் கசற்றை நான் இன்னும் அழிக்கவில்லை; பாட்டு முடிந்தபின் வரும் அந்தச் சோற்று வாளிக்காக வைத்திருக்கிறேன்.